ஏழாவது விளக்கு

1986-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 9-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் நான்கு மணி நாற்பது நிமிடம். கிள்ளானில் மழை பிடித்துப் பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. காற்று பக்கத்து ஊரான மேருவின் திசையிலிருந்து அடித்ததால், அந்த வீட்டின் கார் நிறுத்தும் முன்கூடத்தில் பாதி வரைக்கும் சாரல் வந்துகொண்டிருந்தது. அந்த அம்மாளை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். பார்த்தது என்றால், முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களை மட்டும். மீதி உடம்பு ஒரு பழைய டாக்சியின் டேஷ்போர்டுக்கு அடியில் இருந்தது.

"சார், குடைய வெளியவே மடக்கி வைங்க. தண்ணி சொட்டுது, இங்க கரண்டு ஓடுது."

என் முகத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை. சப்பாத்தைப் பார்த்தே சார் என்று முடிவு செய்திருக்க வேண்டும். குடையை மடக்கி வைத்துவிட்டு நின்றேன். ஆறு நிமிடம் கழித்து வெளியே வந்தார். முப்பத்தேழு வயது இருக்கும். சேலைக்கு மேல் தொழிற்சாலையில் கொடுத்த நீல நிறக் கோட்டு. சட்டைப்பையில் இருந்த கம்பெனிப் பெயரைப் பிளேடால் பிரித்து எடுத்திருந்தார். கழுத்தில் தாலியோடு சேர்த்து, கடிகாரக்காரர்கள் கண்ணில் வைக்கும் பூதக்கண்ணாடி ஒன்றும் கறுப்புக் கயிற்றில் தொங்கியது.

"என்ன தப்பு?" என்றார்.

"தப்பு ஒண்ணும் இல்ல. மணி அடிக்குது."

"எப்ப அடிக்குது?"

"நூறைத் தாண்டுனா."

"அப்ப மணி சரியாத்தான் இருக்கு. நீங்கதான் தப்பு."

பக்கத்தில் நின்ற டாக்சிக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிரிக்பீல்ட்ஸிலிருந்து அந்த வீட்டுக்கு முப்பத்தொன்பது கிலோமீட்டர், வழியில் பதினான்கு போக்குவரத்து விளக்குகள். இவ்வளவையும் கடந்து வந்தது பேச்சு வாங்குவதற்கு இல்லை.

என் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜப்பானில் ஒருவர் நான்கு வருடம் ஓட்டிக் கழித்துவிட, கப்பலில் ஏறி இங்கே வந்த கார். நல்ல கார். ஆனால் அந்த நாட்டு அரசாங்கம் போட்ட ஒரு சட்டமும் அதோடு சேர்ந்து வந்திருந்தது. வேகம் நூறைக் கொஞ்சம் தாண்டினால் உள்ளே எங்கிருந்தோ ஒரு மணி, டிங், டிங், டிங் என்று அடிக்கத் தொடங்கும். வேகத்தைக் குறைக்கிறவரை நிற்காது. நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் ஷா ஆலமில் சாலைப் போக்குவரத்து சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் தலைமைக் கிளார்க். முன் இருக்கைக்குப் பெல்ட் கட்டாயம் என்று சட்டம் வந்தபோது, அதை விளக்கும் சுற்றறிக்கையை ஸ்டென்சில் வெட்டி முந்நூற்று நாற்பது பிரதி ஓட்டியவன் நான். எது சட்டம், எது சட்டமில்லை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தவன் நாட்டுச் சட்டம் எதற்காக என் காதருகே உட்கார்ந்து மணியடிக்க வேண்டும்? ஒரு வாரம் எண்ணினேன். பெடரல் நெடுஞ்சாலையில் போகவும் வரவும் சேர்த்துப் பதினேழு முறை அடித்தது.

இதையெல்லாம் அந்த அம்மாளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டு, ஒயர்களைப் பற்றவைக்கும் சோல்டர் இரும்பின் நுனியை ஈரப் பஞ்சில் துடைத்தார். "அறுக்க மாட்டேன் சார். அறுக்கறது சுலபம்லா. அறுத்த பிறகு அது எதுக்கு இருந்துச்சுன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது."

ஊரில் எல்லாரும் அவரைச் செக்கர் அக்கா என்றார்கள். என்னைவிடப் பதினான்கு வயது சின்னவர். இருந்தாலும் இரண்டாவது முறை போனபோது நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினொரு வருடம் செக்கர் வேலை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, அரிசி மணியைவிடச் சின்னச் சில்லுகளில் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. ஒட்டியிருந்தால் பாஸ். இல்லையென்றால் ரிஜெக்ட். நாளெல்லாம் அந்த இரண்டே சொற்கள். பிறகு கண் போய்விட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கே கண் பரிசோதனை உண்டாம். "கடைசியில நானே ரிஜெக்ட் ஆயிட்டேன்" என்பார். ஆட்குறைப்பு என்று கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து, மேருவில் பழைய சாமான் எடைக்கு விற்கும் சீனரிடம் கழித்த பாகங்களைக் கிலோக் கணக்கில் வாங்கி, ரேடியோ, கேசட், கார் ஒயரிங் எல்லாம் பார்க்க ஆரம்பித்திருந்தார். கிட்டத்தில் உள்ளது பூதக்கண்ணாடி வைத்தால் நன்றாகத் தெரியுமாம். தூரத்தில் உள்ளதுதான் மங்கல். வாசலில் யார் வருகிறார்கள் என்று நடையைக் கேட்டுத்தான் கண்டுபிடிப்பார்.

வேலை போனதே தவிர, வேலை அவரை விட்டுப் போகவில்லை. பாசாரில் கொய்யா வாங்கினால் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, பத்தில் ஏழைத் தள்ளுவார். அவர் வீட்டுக்காரர் துறைமுகத்தில் லோரி ஓட்டுபவர், நல்ல மனிதர். தேத்தண்ணி கலந்து கொண்டுவந்து வைப்பார். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, "ரிஜெக்ட்" என்று கிளாஸைத் தள்ளுவார். அவர் முகம் சுளிக்காமல் எடுத்துப் போய் இன்னொன்று கலப்பார். "இருபது வருஷமா இதே கதைதான் சார். கல்யாணத்தன்னைக்கே என்னையும் தள்ளியிருப்பா. அப்ப கண்ணாடி போடல, தப்பிச்சேன்." தன் அக்காள் மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைச் செக்கர் அக்கா ரிஜெக்ட் செய்த கதையைச் சாலை முழுக்கச் சொல்வார்கள். பையன் மோட்டார் சைக்கிளில் வந்தானாம். பின் விளக்கு எரியவில்லையாம். "தன் முதுகுக்குப் பின்னால என்ன நடக்குதுன்னு தெரியாதவன்." அவ்வளவுதான், முடிந்தது.

பாஸ் என்று மட்டும் சொல்ல மாட்டார். எவ்வளவு சுத்தமாக வேலை முடித்தாலும், சாவியைக் கொடுக்கும்போது, "இப்போதைக்குத் தப்பு தெரியல" என்றுதான் சொல்வார். அதைக் கேட்டால் எனக்கு நிம்மதியாக இருக்காது. வீடு போய்ச் சேரும் வரை என்ன தப்போ, எப்போது தெரியுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓட்ட வேண்டும்.

அந்த முதல் நாள் மழை விடவில்லை. டாக்சி போன பிறகு என்னை என் காரிலேயே உட்காரச் சொன்னார். சாவியைப் பாதி திருப்பச் சொன்னார். இன்ஜின் ஓடுவதற்கு முன்னால் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒரு தரம் சேர்ந்து எரியுமே, அந்த நிலை.

"தலைய ஆட்டாதீங்க. ஸ்டியரிங் நடுவுல ஒரு முத்திரை இருக்குல்ல, அதையே பாருங்க. பாத்துக்கிட்டே சொல்லுங்க, எத்தனை லைட்டு எரியுது?"

என்னிடம் போய் எண்ணச் சொல்கிறாரே என்று நினைத்தேன். "ஆறு."

"இன்னொரு தரம்."

"ஆறும்மா."

"ஏழு சார்."

இறங்கி வந்து குனிந்து பார்த்தேன். ஏழு இருந்தது. இடது ஓரத்தில், கீழே, சிவப்பாக ஒன்று. பிரேக் விளக்கு.

"இது இப்பத்தான் எரிஞ்சிருக்கும்" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். என்னையே பார்த்தார். பூதக்கண்ணாடி இல்லாமல், ஒரு முழ தூரத்தில் நின்று. "சார், கண்ணாசுபத்திரிக்குப் போங்க. மணிய நான் தொட மாட்டேன். உங்களுக்குக் காதுதான் ஒழுங்கா வேலை செய்யுது."

எனக்குக் கோபம் வந்தது. கண்ணாடி போடாமல் நாளிதழ் படிக்கிறவன் நான். சம்பளப் பட்டியலில் ஒரு காசு பிசகினாலும் முதல் பார்வையில் பிடிப்பேன். போயும் போயும் கண் கெட்டு வேலையிழந்த ஒருவர் என் கண்ணைச் சொல்வதா? நன்றிகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன். குடையையும் அங்கேயே மறந்துவிட்டேன்.

மறுநாள் மாலையே பிரிக்பீல்ட்ஸில் எங்கள் தெருக்கோடியில் இருந்த ஒயர்மேனிடம் காரை விட்டேன். உற்சாகமான ஆள். டேஷ்போர்டுக்குள் கையை விட்டுக்கொண்டே கேட்டார். "அண்ணே, சீட் பெல்ட்டுக்கும் ஒரு சத்தம் வருதே, அதையும் எடுத்துடவா? ரெண்டும் சேர்த்து அஞ்சு வெள்ளிதான்லா."

முந்நூற்று நாற்பது பிரதி ஓட்டியவன் ஒரு நொடி யோசித்தேன். பெல்ட் கட்டினால் வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து இடுப்பு வரை அழுக்குக் கோடு விழும். அலுவலகத்தில் பெல்ட் கட்டும் எல்லாருக்கும் அந்தக் கோடு உண்டு. இல்லாதவர்கள், போலீஸைக் கண்டால் மட்டும் பெல்ட்டை மார்பின் குறுக்கே இழுத்துக் கையால் பிடித்துக்கொள்கிறவர்கள். நான் இரண்டாம் வகை.

"எடுத்துடுங்க" என்றேன்.

ஒயர்மேனின் குறடு இரண்டு முறை 'டிக்' என்றது.

அந்த வாரம் காரில் அமைதியாகப் போய் வந்தேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நிம்மதி வரவில்லை. நூறைத் தாண்டும்போதெல்லாம் காது மணியை எதிர்பார்த்தது. வராததைக் கேட்டுக்கொண்டே ஓட்டுவது, வந்ததைக் கேட்பதைவிடக் கஷ்டம். என் மனைவி சரோஜா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது கண்டுபிடித்துவிட்டாள்.

"காடி ஏன் பேச மாட்டேங்குது?"

"பியூஸ் போயிருக்கும்."

"பியூஸ் போனா ரேடியோ எப்படிப் பாடுது?"

 அவளுக்கு அந்த மணி பிடிக்கும். நான் வேகமாகப் போனால் அவள் சொல்லி நான் கேட்பதில்லை. அது சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்ததும், கிள்ளானில் அந்த அம்மாள் கொடுத்த விலாசச் சீட்டை என் சட்டைப்பையிலிருந்து எடுத்து, அதிலிருந்த எண்ணுக்குப் போன் செய்திருக்கிறாள். பெண்கள் இருவரும் மணியைப் பற்றியும் என்னைப் பற்றியும் இருபது நிமிடம் பேசியிருக்கிறார்கள். எனக்கு இது தெரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

அடுத்த வருடம் ஹாரன் அடிப்பது நின்றது. ஒயர்மேன் அறுத்துவிட்டுப் போன நுனி ஏதோ ஓரிடத்தில் உரசி, பியூஸைக் கொன்றுகொண்டே இருந்தது. நான்கு பியூஸ் மாற்றிய பிறகு, வேறு வழியில்லாமல் கிள்ளானுக்கே போனேன். கைவசம் ஒரு செய்தியும் இருந்தது. புதிதாக இறங்கும் ஜப்பான் கார்களில் அந்த மணி வருவதில்லை. அங்கேயே அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள் என்று கார் விற்கும் ஒருவர் சொல்லியிருந்தார். இதை அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது என்று முப்பத்தொன்பது கிலோமீட்டரும் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

"பாத்தீங்களா அக்கா? மணி வேணும்னு சொன்ன சட்டத்தையே அவங்க எடுத்துட்டாங்க."

அவர் டேஷ்போர்டுக்குள் டார்ச் அடித்து, அறுந்த நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில், யாரோ குழந்தையை அடித்துவிட்டதுபோல ஒரு தோற்றம்.

"சட்டத்த எடுத்துட்டாங்க சார். உங்க கண்ண எடுத்து மாத்திட்டாங்களா?"

 கண்ணாசுபத்திரிக்கு நான் போயிருக்கவில்லை.

அன்றும் மழை. அவர் வீட்டுக்காரர் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அக்கா தனக்கு வந்ததை ரிஜெக்ட் செய்யாமல் குடித்தார். ஏதோ சரியில்லை என்று அதிலேயே தெரிந்தது. நுனிகளை ஒவ்வொன்றாகச் சுரண்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தார்.

தொழிற்சாலையில் ஒவ்வொரு செக்கருக்கும் ஓர் எண் முத்திரை உண்டு. பார்த்து முடித்த தட்டில் அதைக் குத்த வேண்டும். பக்கத்து மேசையில் இவருடைய கூட்டாளி. ஒரு நாள் ஷிப்ட் முடியப் பத்து நிமிடம். கம்பெனி பஸ் வாசலில் ஹாரன் அடிக்கிறது. கூட்டாளி கழிவறைக்குப் போயிருக்கிறாள், அவள் மேசையில் ஒரு தட்டு மிச்சம். உதவியாக இருக்கட்டும் என்று இவர் எடுத்து, மைக்ராஸ்கோப்பில் வைக்காமலே, ஒரு பார்வை பார்த்து, கூட்டாளியின் முத்திரையையே குத்தி அனுப்பிவிட்டார். மூன்று வாரத்தில் அந்தத் தட்டு திரும்பி வந்தது. பாதிக்கு மேல் கம்பி ஒட்டவில்லை. முத்திரை யாருடையதோ அவள் வேலை போயிற்று.

"நான் வாயத் தொறக்கல சார். பெரிய ஆபீஸ்ல கூப்பிட்டு விசாரிச்சாங்க. எனக்குத் தெரியாதுன்னுட்டேன்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. காப்பார் பக்கம் இருக்கா. ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு டின்னு முறுக்கு சுட்டு எடுத்துட்டுப் போவேன். 'உனக்கு என் மேல என்னடி இவ்வளவு பாசம்'னு கேப்பா. அந்த முறுக்கு எப்படி எறங்கும், சொல்லுங்க." சுரண்டுவதை நிறுத்தினார். "அதுலேருந்து எனக்கு எதையும் பாஸ்னு சொல்ல வாய் வர்றதில்ல."

 ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. "எத்தனை தீபாவளி ஆச்சு?" என்று கேட்டுவைத்தேன். "எட்டு" என்றார். வருடத்துக்கு ஒன்றாக எட்டு டின்கள் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது.

காரை இரண்டு நாள் விட்டுப் போகச் சொன்னார். மூன்றாம் நாள் போனபோது ஹாரன் அடித்தது. பழைய மணியும் திரும்பி வந்திருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்புப் பெட்டி புதிதாக இருந்தது. கழித்துக் கட்டிய பாகங்களை வைத்துச் செய்தது.

"இது என்ன?"

"பெல்ட் போடலன்னா ஒரு தரம் கூவும். ஆயில் கொறஞ்சா ரெண்டு. பிரேக்குல கோளாறுன்னா மூணு. எந்த லைட்டு எரிஞ்சாலும் நீங்க பாக்க வேணாம். கேட்டா போதும்." சாவியை நீட்டினார். "உங்களுக்குத்தான் நல்லா எண்ணத் தெரியுமே சார்."

கிண்டலா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "எந்தச் சட்டத்துல இருக்கு இது?" என்று கேட்டேன்.

"சட்டம் ஊருக்குப் போடறது. இது உங்களுக்குப் போட்டது."

முப்பத்தெட்டு வெள்ளி கேட்டார். நான் பேரம் பேசி முப்பத்தைந்து கொடுத்தேன். குடையைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு கம்பி வளைந்திருந்ததை நிமிர்த்தியிருந்தார். "இப்போதைக்குத் தப்பு தெரியல" என்றார். குடையைச் சொன்னாரா, காரைச் சொன்னாரா என்று கேட்கவில்லை.

ஐந்து மாதம் அந்தப் பெட்டியோடு சண்டை போட்டேன். பெல்ட்டை மாட்டும் வரை விட்டுவிட்டு ஒவ்வொரு தரமாகக் கூவும், மாட்டினால் நிற்கும். வெள்ளைச் சட்டையில் கோடு விழத் தொடங்கியது. சரோஜா வாரம் ஐந்து சட்டையைத் தோளில் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். ஆச்சரியமாக, அலுத்துக்கொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை, கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பெடரல் நெடுஞ்சாலை, ஷா ஆலம் தாண்டி, பெட்டாலிங் ஜெயாவை நோக்கி. மத்தியானம் இரண்டேகால். வெயில். சரோஜா பட்டுச்சேலை கசங்குகிறதே என்று முணுமுணுத்துக்கொண்டே பெல்ட் கட்டியிருந்தாள். வேகம் தொண்ணூறு.

பெட்டி கூவியது.

விளக்குகளைப் பார்த்தேன். ஒன்றும் எரியவில்லை.

"என்னங்க அது?"

"ஒண்ணுமில்ல. பெல்ட்டு கிளிப் ஆடுதா பாரு."

"ஆடல. மூணு தரம் கூவுச்சு."

"ஒரு தரந்தான்."

"மூணுங்க. நிறுத்துங்க."

"நீ எண்ணாத. நான் எண்றேன்."

முப்பத்திரண்டு வருட மண வாழ்க்கையில் அப்படி எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்பதற்கு மட்டும் என்னிடம் கணக்கில்லை. மறுபடி கூவியது. எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. திரும்ப விளக்குகளைப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. பெட்டிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று வாய்விட்டே சொன்னேன். சரோஜா என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. வேண்டா வெறுப்பாக ஓரத்துக்குத் திருப்பி பிரேக்கை மிதித்தேன்.

கால் கீழே போனது. போய்க்கொண்டே இருந்தது. பெடல் தரையைத் தொட்ட பிறகும் கார் கொஞ்சம்தான் தயங்கியது. முன்னால் இருநூறு அடியில், பின் விளக்கு சிவப்பாக எரிய, ஒரு மணல் லோரி மெதுவாகிக்கொண்டிருந்தது. கைப் பிரேக்கை இழுத்தேன். புல்லில் இறங்கி, குலுங்கி, வடிகாலுக்கு முன்னால் நின்றது. சரோஜாவின் தலை முன்னால் போய், பெல்ட் இழுத்து, திரும்பி வந்தது. அவ்வளவுதான். மல்லிகைச் சரம் மட்டும் அறுந்து மடியில் விழுந்தது. முன்கூட்டியே ஓரம் கட்டியிராவிட்டால் அந்த லோரிக்குப் பின்னால்தான் மிதித்திருப்பேன்.

பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. பிரேக் குழாய் வெடித்திருந்தது. நான் மறுபடி காருக்குள் உட்கார்ந்தேன். ஸ்டியரிங் நடுவிலிருந்த முத்திரையைப் பார்த்தேன். விளக்கு இல்லை. குனிந்தேன். இடது ஓரத்தில், கீழே, சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. நிமிர்ந்தேன். இல்லை. குனிந்தேன். இருந்தது. ஒன்பது முறை குனிந்து நிமிர்ந்தேன். வெளியே நின்ற சரோஜா, "என்ன செய்றீங்க?" என்றாள். "எண்ணிப் பாக்கறேன்" என்றேன். 

கண் மருத்துவர் தலையை ஆட்டாமல் நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னார். சுற்றிலும் வெளிச்சப் புள்ளிகள் வரும், தெரிந்தால் சொல்ல வேண்டும். பார்த்து முடித்ததும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுகொண்டிருக்கிறது, இரண்டு வருடமாவது இருக்கும், போன பார்வை வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். "ஓரத்தில் தெரியாததை மூளை இட்டு நிரப்பிக்கொள்ளும். அதனால் நோயாளிக்கே தெரியாது." இதையே ஒருத்தர் சாவியைப் பாதி திருப்ப வைத்து எனக்குச் சொல்லிவிட்டார் என்று அவரிடம் சொல்லவில்லை.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த மறுநாள், அக்காவிடம் நேரில் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று தோன்றியது. புதுப் பிரேக் குழாய் போட்ட காரை எடுத்துக்கொண்டு போனேன். முன்கூடத்தில் நிறுத்தி இறங்கி, நடந்ததெல்லாம் சொன்னேன். மூன்று முறை கூவியது என்றதும், "இடைவெளி சரியா இருந்துச்சா? மூணாவது தேயலையே?" என்று கேட்டார். சரோஜாவுக்கு அடி இல்லை என்றதும் தலையை ஆட்டினார். கண்ணைப் பற்றிச் சொன்னேன்.

 பிறகு கையை நீட்டினார்.

"சாவி."

"என்ன?"

"கண்ணுல ஓரம் தெரியலன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நீங்க முப்பத்தொம்பது கிலோமீட்டரு ஓட்டிக்கிட்டு அதைச் சொல்ல வந்திருக்கீங்க. சாவியக் குடுங்க சார். ரிஜெக்ட்."

"சட்டப்படி என் லைசென்சு இன்னும் ரெண்டு வருஷம்…"

"சார்."

கொடுத்தேன். அவர் வீட்டுக்காரர் என்னை என் காரிலேயே, பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து, பிரிக்பீல்ட்ஸ் வரை ஓட்டிக்கொண்டு வந்து விட்டார். திரும்பிப் போக பஸ் காசு கொடுத்தபோது வாங்கவில்லை. வழியில் அவர் ஒரே ஒரு முறைதான் பேசினார். "வருத்தப்படாதீங்க சார். உங்கள ஒரு தரந்தான் தள்ளியிருக்கா." அதற்குப் பிறகு நான் எந்தக் காரையும் ஓட்டவில்லை. அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு.

காரை விற்க வேண்டியிருந்தது. வாங்க வந்தவர் மேருவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எல்லாம் பிடித்தது. பெட்டி கூவியதும் முகம் சுளித்தார். "இத மட்டும் அறுத்துடலாம்லா." இருநூறு வெள்ளி விலையில் குறைத்துக்கொள்கிறேன், அறுக்காமல் விடுங்கள் என்றேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். அறுக்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். அதை அவர் காப்பாற்றினாரா தெரியாது. இப்போது அறுபத்து நான்கு வயதில், மகள் ஓட்டும் காரில் முன் இருக்கையில் பெல்ட் கட்டி உட்கார்ந்து போகிறேன். காற்றுப்பை, சக்கரம் வழுக்காத பிரேக் என்று இதில் என்னென்னவோ இருக்கிறது. இவற்றையெல்லாம் சட்டம் கட்டாயமாக்க வேண்டுமா வேண்டாமா என்று நாளிதழில் சண்டை போடுகிறார்கள். நான் படிக்கிறேன். படித்துவிட்டு, எங்கேயாவது மூன்று முறை கூவுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். மகள், "அப்பா, சும்மா வாங்களேன்" என்கிறாள்.

அறுவை சிகிச்சை ஆறிய பிறகு, பஸ் ஏறி ஒருமுறை கிள்ளானுக்குப் போனேன். பேரம் பேசிக் குறைத்த மூன்று வெள்ளியைக் கொடுத்தேன். அக்கா வாங்கவில்லை. பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து, அறுவை செய்த என் இடது கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்று, வெகுநேரம் பார்த்தார். மூச்சில் தேத்தண்ணி வாசம். பிறகு கண்ணாடியை இறக்கினார்.

"இப்போதைக்குத் தப்பு தெரியல."

வந்து கணக்கெழுதினேன். ஒயர்மேனுக்கு மணியை அறுக்க 5 வெள்ளி. அக்காவின் பெட்டிக்கு 35. பிரேக் குழாய், எண்ணெய், இழுத்துப் போன லோரி சேர்த்து 64 வெள்ளி 50 காசு. கண்ணுக்கு 412. பெட்டியை அறுக்காமல் இருக்க 200.

மொத்தம் 716 வெள்ளி 50 காசு.